பழவேற்காட்டுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

'ஏரிக்கரையில் ஒரு நாள்' என்று தலைப்புக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பொன்னேரிப் பக்கத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். முக்கால் மணி நேர பீரியடிலேயே பாடத்தை முடிக்க மாட்டேன் என்று என் பழைய மாணவர்களுக்குத் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தம்பியிடம், கையைக் காட்டினால் நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறேன். பார்ப்போம்.

பேசப்போவது பழவேற்காடு ஏரியைப் பற்றி. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. கும்மிடிப்பூண்டி போகிற மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பஸ். காரில் வருகிறவர்கள் செங்குன்றம் தாண்டி, தச்சூர் கூட்டுச் சாலையில் திரும்பிப் பொன்னேரி வழியாக வரலாம். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். அதனாலேயே பலரும் இதை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லை சார், வெறும் தண்ணி" என்று திரும்பி வருகிறார்கள். அந்த வெறும் தண்ணியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பெயர். வெள்ளைக்காரன் எழுதி வைத்தது புலிகாட். இதைப் படித்துவிட்டு, "அங்கே புலி இருக்குமா சார்?" என்று வருடத்துக்கு ஒரு பையனாவது கேட்பான். புலி இல்லை. வேல மரம் நிறைந்த பழைய காடு, பழவேற்காடு. சரி, ஏரி என்கிறோமே, அதுவும் சரியில்லை. செம்பரம்பாக்கம் ஏரி, புழல் ஏரி என்று நாம் சொல்வது மழைத்தண்ணீரைக் கரை கட்டித் தேக்கி வைத்தது. இது அப்படியல்ல. கடல் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிற காயல். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா என்கிற நீண்ட மணல் தீவு, அதற்கு அப்பால் வங்கக் கடல். மேற்கிலிருந்து ஆரணி ஆறு, காளங்கி ஆறு இரண்டும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து விடுகின்றன. இந்தியாவின் உப்புநீர்க் காயல்களில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது இதுதான். நீளம் 60 கி.மீ. அளவுக்கு வரும். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு ஓரம்தான் நமக்கு.

இவ்வளவு பெரிய ஏரி, ஆழம் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பல இடங்களில் இடுப்பளவுகூடக் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கு வருகிறேன்.

நான் முதல்முறை மாணவர்களை அழைத்துப் போனபோது நடந்தது இது. வேலைக்குச் சேர்ந்த புதிது. கரையில் நிறுத்தி வைத்து, உவர்நீர் என்றால் என்ன, உப்பின் அளவு எவ்வளவு என்று குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம் மெல்ல எழுந்து வந்து, "வாத்தியாரே, நீங்க தண்ணிய நாக்குல வெச்சுப் பார்த்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். "பார்க்காமயே பசங்களுக்குச் சொல்றீங்களே" என்றார். நாற்பது பையன்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். அது சித்திரை மாதம். கரித்தது. கடல் தண்ணீரைவிடக் கரிக்கிற மாதிரி இருந்தது. பெரியவர் சொன்னார்: "இப்ப இப்பிடி. ஐப்பசி மழை முடிஞ்சு கார்த்திகையில வாங்க. இதே கல்லு மேல நின்னு இதே மாதிரி பாருங்க." அவ்வளவுதான் சொன்னார், போய் மறுபடியும் வலையில் உட்கார்ந்துவிட்டார்.

கார்த்திகையில் போனேன். தனியாகத்தான் போனேன், பையன்களுக்கு முன்னால் மறுபடியும் சிரிப்புக்கு ஆளாக மனம் வரவில்லை. அதே கல். தொட்டு வைத்தால், கஞ்சியில் உப்புப் போட மறந்துவிட்டுக் கடைசியில் கொஞ்சம் போட்ட மாதிரி லேசாக இருந்தது. பெரியவர் அங்கேயே இருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை, பீடியைப் பற்றவைத்தார். அதற்குப் பிறகு முப்பது வருடம், மாணவர்களோடு எப்போது போனாலும் முதல் வேலை அதுதான். விரலைத் தொடு, நாக்கில் வை, துப்பிவிடு. குடிக்கச் சொல்லவில்லை, தாய்மார்கள் பயப்பட வேண்டாம்.

சித்திரையில் ஏன் கரிக்கிறது, கார்த்திகையில் ஏன் கரிக்கவில்லை? அதற்கு முகத்துவாரத்தைப் பார்க்க வேண்டும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வாய் இருக்கிறது. கலங்கரை விளக்கத்துப் பக்கம் பாலத்தைத் தாண்டிப் போனால் பார்க்கலாம். ஏற்றத்தில் அந்த வாய் வழியாகக் கடல் உள்ளே வரும், வற்றத்தில் வெளியே போகும். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் உள்ளே நிறைந்து உப்பைக் குறைக்கிறது. வெயிலில் ஆறும் இல்லை, தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. முன்பே சொன்னேனே, இடுப்பளவுகூட ஆழமில்லை என்று. அகலத் தட்டில் ஊற்றிய ரசம் மாதிரி சீக்கிரம் வற்றும், உப்பு தங்கிவிடும்.

இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு, கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும்போதே அந்த வாய் வழியாக ஏரிக்குள் வந்து, இங்கே தின்று வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்பிப் போகிறது. ஏரி அதற்குப் பள்ளிக்கூடம் மாதிரி என்று நான் சொல்வதுண்டு. வாய் திறந்திருந்தால்தான் இந்தப் போக்குவரத்து. கோடையில் அலை கொண்டுவந்து தள்ளும் மணல் அந்த வாயை அடைத்துவிடும். அடைத்துவிட்டால் இறால் இல்லை, நண்டு இல்லை, மடவை இல்லை, கொடுவா இல்லை. ஒரு கோடையில் ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு இறங்கி, தாங்களே கால்வாய் வெட்டி வாயைத் திறந்ததை நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். நானும் இரண்டு கூடை மணல் அள்ளினேன். மறுநாள் கையைத் தூக்க முடியவில்லை. அது வேறு கதை.

ஆக, அந்தப் பக்கம் போகிறவர்கள் முதலில் முகத்துவாரத்தைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மீன் பிடிப்பதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதற்குப் 'பாடு' என்று பெயர். ஏரியில் நல்ல மீன் கிடைக்கிற துறைகள் சிலதான். அவற்றை வலுத்தவன் பிடித்துக்கொள்ளாமல், இந்த நாளில் இந்த ஊர், இந்தத் துறையில் இன்னார் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். இந்த முறையை ஊரே வைத்து நடத்துகிறது. இன்னொரு பக்கம், இந்தப் பாடு முறையில் பங்கில்லாத இருளர் பெண்கள் வலையே இல்லாமல் ஆழம் குறைந்த தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்தபடி, கையாலேயே சேற்றில் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுவைக்கும் கூடையான பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள், இரண்டு கையும் வேண்டுமே. அவர்களைப் படம் எடுக்க ஓடாதீர்கள். வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

படகுச் சவாரி உண்டா என்று கேட்பீர்கள், தெரியும். 2011 டிசம்பர் 25-ஆம் தேதி உல்லாசமாகப் போன ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சவாரிக்குத் தடை. கரையில் யாராவது, "வாங்க சார், ஒரு ரவுண்டு" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். இடுப்பளவு ஆழம் என்று சொன்னேன், ஆனால் முகத்துவாரத்துப் பக்கம் ஓட்டம் அப்படியில்லை.

ஊருக்குள் வருவோம். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கோட்டை கட்டினார்கள். கெல்டர்லாந்து என்கிற அவர்கள் நாட்டு மாகாணத்தின் பெயரைச் சேர்த்து, கெல்டிரியா கோட்டை. 1690-இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையை மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்கள் வியாபாரத்துக்கு இதுதான் தலைநகர். இங்கிருந்து கப்பல் கப்பலாகத் துணி போனது. மலாய் நாட்டில் இன்றைக்கும் கட்டம் போட்ட கைலிக்குக் 'காயின் பெலிக்கட்' என்றுதான் பெயர், நம் ஊர்ப் பெயர்! துணி மட்டும் போகவில்லை. பஞ்ச காலத்தில் விலைக்கு வாங்கிய மனிதர்களையும் ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் படாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஏற்றினார்கள். கோட்டை இப்போது முள்செடி மூடிய மேடு. பார்க்க அதிகம் இல்லை. பார்க்க வேண்டியது கல்லறை.

டச்சுக் கல்லறையைத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. நுழைவாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு ஒவ்வொன்று நிற்கிறது. ஒன்றிடம் மண்டையோடு, இன்னொன்றிடம் மணற்கடிகாரம். உள்ளே பெரிய பெரிய கல் பலகைகள், பூவேலைப்பாடு, குடும்பச் சின்னங்கள், பழைய டச்சு எழுத்து. நான் அழைத்துப் போன பையன்களில் ஒருவன், நன்றாகப் படிக்கிறவன்கூட இல்லை, அந்த மணற்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "சார், இதுவும் முகத்துவாரம் மாதிரிதான் இருக்கு. நடுவுல மணல் அடைச்சுக்கிட்டா எல்லாம் நின்னுடும்" என்றான். எனக்கு அந்த வருடம் சம்பளம் வாங்கியதற்கு அது போதும் என்று தோன்றியது.

தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார். ஒரு நிமிடமா? இல்லை, இரண்டாம். சரி.

அந்தக் கல்லறைக்குப் பக்கத்திலேயே சுற்ற நிறைய இருக்கிறது. ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில், போர்த்துக்கீசியர் காலத்து மகிமை மாதா ஆலயம், சின்னப் பள்ளிவாசலில் ஒரு நிழல் கடிகாரம், எல்லாம் நடக்கிற தூரம்தான். பனை ஓலையில் கூடை, பெட்டி முடைகிற முஸ்லிம் பெண்கள் இங்கே உண்டு, பேரம் பேசாமல் வாங்குங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏரி நண்டு என்று சொல்லி எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் போட்டது ஏரியில் பிடித்ததில்லை, தின்றவனுக்குத் தெரியாதா! காலையில் ஏலம் நடக்கும்போதே போய், கண்ணால் பார்த்து வாங்கிச் சமைத்துத் தரச் சொல்வதுதான் உத்தமம்.

பூநாரையைப் பற்றிப் பேசத்தான் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன், நாலு பக்கம். முடியாது போலிருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். மழைக்காலம் தொடங்கி மாசி, பங்குனிவரை வரும். ஆழம் குறைவு என்பதால்தான் வருகிறது, அந்த நீண்ட காலோடு நின்று, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு வடிகட்டித் தின்னும். தின்கிற இரையில்தான் அந்த இளஞ்சிவப்பு இருக்கிறது. நம் பக்கத்தில் தெரியாவிட்டால், ஆந்திரப் பக்கம் சூலூர்ப்பேட்டையில் இறங்குங்கள். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகிற சாலை ஏரிக்கு நடுவே ஓடுகிறது, இருபுறமும் பார்த்துக்கொண்டே போகலாம். தீவுக்குள் ராக்கெட் நிலையம் இருப்பதால் காவல் உண்டு. ஏவுகிற நாளில் பழவேற்காட்டுக் கடற்கரையிலிருந்தே நெருப்பு எழும்புவது தெரியும். சூலூர்ப்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டு, கூழைக்கடா கூடு கட்டுகிற இடம். மார்கழி, தை நல்லது. தொலைநோக்கி இருந்தால் எடுத்துப் போங்கள். போகிற வழியில் பொன்னேரியில் அகத்தீஸ்வரர், கரிகிருஷ்ணப் பெருமாள், ஆண்டார்குப்பம் முருகன்... தம்பி கையைக் காட்டிவிட்டார்.

குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டு போங்கள், தொப்பியும். சாயங்காலம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் இரண்டு முறை தவறவிட்டிருக்கிறேன். வணக்கம்.