புளியோதரையில உப்பு கம்மி

(2021 காணும் பொங்கல் மாலை, மதுரையில் ஒரு தெருப் பட்டிமன்றம். தலைப்பு: ‘ஊரடங்கு தளர்ந்த பிறகு குடும்பத்துக்குக் கொண்டாட்டம் வீட்டுக்குள்ளா, வெளியிலா?’ ‘வெளியில்தான்’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அய்யாவுக்கு வணக்கம், ரெண்டு அணிக்கும் வணக்கம், ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில உக்காந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். விழாக் குழுவுல புருஷன் பொண்டாட்டியைக்கூட தள்ளித் தள்ளி உக்கார வச்சிருக்காங்க. மாஸ்க்குக்கு மேல கண்ணு மட்டும்தான் தெரியுது. சில அண்ணன்மார் கண்ணுல என்ன ஒரு நிம்மதிங்கிறீங்க!

இன்னைக்குக் காலையில அலங்காநல்லூர்ல வாடிவாசல் திறந்தாச்சு. பார்க்க வந்த கூட்டம் பாதிதான். மாடு பிடிக்கிற தம்பிமாரை டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்லித்தான் உள்ள விட்டாங்க. மாட்டைத்தான் யாரும் டெஸ்ட் எடுக்கலை, எடுக்கப் போனவன் திரும்பி வரணும்ல. அதே நாள்ல நம்ம ராஜாஜி ஆஸ்பத்திரியில தடுப்பூசியும் போட ஆரம்பிச்சாச்சு. மாடும் வெளிய வந்துருச்சு, மருந்தும் வெளிய வந்துருச்சு. எதிரணி மட்டும் இன்னும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே உக்காந்திருக்காங்க.

எதிரணி அண்ணன் நல்லாப் பேசுனாரு. வீட்டுக்குள்ள இருந்ததாலதான் குடும்பம் ஒண்ணு சேர்ந்துச்சு, தாயம் விளையாடுனோம், கேரம் விளையாடுனோம்னாரு. எங்க வீட்டுலயும் விளையாடுனாங்கண்ணே. ஆடி மாசம் ஒரு தாயத்துக்கு எங்க வீட்டுக்காரரும் கொழுந்தனும் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்துனது, போன தீபாவளிக்குத்தான் பேச ஆரம்பிச்சாங்க. சரி, அதெல்லாம் எங்க அணித் தலைவர் பார்த்துக்குவாரு. மூடுன ரூமுக்குள்ள பத்துப் பேரு நெருக்கி உக்காந்தாத்தான் நோய் சுலபமா பரவும், காத்தோட்டமா மரத்தடியில தள்ளித் தள்ளி உக்காந்தா பயம் குறைவுங்கிறதை டாக்டர்களே சொல்லிட்டாங்க. அதையும் அவரே விளக்குவாரு.

எனக்கு வேற ஒரு பாக்கி இருக்கு. அண்ணன் பேச்சை முடிக்கிறப்ப போற போக்குல ஒண்ணு சொன்னாரு. “வெளிய போகணும், வெளிய போகணும்னு குதிக்கிற பொம்பளைக எல்லாம் வீட்டுல அடுப்பு பத்த வைக்கச் சோம்பேறித்தனப்படுறவங்க”ன்னாரு. நீங்களும் கை தட்டுனீங்க. மூணாவது வரிசையில பச்சைச் சேலை கட்டுன ஒரு அம்மாவும் சேர்ந்து தட்டுச்சு. ஆம்பளைக தட்டுனது பரவாயில்ல. அந்த அம்மா தட்டுனதுதான் எனக்கு ஆறலை.

அண்ணே, ஒரு குடும்பம் வெளிய கிளம்புறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் சட்டையை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு “இன்னுமா கிளம்பலை?”ன்னு கத்துறது. முதல் நாள் ராத்திரியே புளியை ஊற வைக்கணும். விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிக்கணும். மிளகாய் வத்தல், மல்லி, வெந்தயம், எள்ளு எல்லாத்தையும் தனித்தனியா வறுக்கணும். சேர்த்து வறுத்தா எள்ளு கருகிடும், வெந்தயம் கசந்துடும். நல்லெண்ணெயில கடுகும் கடலைப்பருப்பும் தாளிச்சு, புளித்தண்ணியை ஊத்தி, எண்ணெய் பிரிஞ்சு மேல வர்ற வரைக்கும் நின்ன இடத்துலயே கிண்டணும். சோத்தைத் தாம்பாளத்துல கொட்டி ஆற விட்டுத்தான் கிளறணும், சூட்டோட கிளறுனா களியாயிடும். தயிர் சாதத்துக்குப் பாலை நிறைய ஊத்தி, தயிரைப் பேருக்குக் கொஞ்சம் விடணும், அப்பத்தான் மத்தியானம் வரைக்கும் புளிக்காது. அப்புறம் உருளைக்கிழங்கு, அப்புறம் மோர்மிளகாய், அப்புறம் பாக்குமட்டைத் தட்டு, தண்ணி கேன். இந்த வருஷம் கூடுதலா சானிடைசர், ஆளுக்கு ரெண்டு மாஸ்க், ஒரு பிளாஸ்க் நிறைய கபசுரக் குடிநீர். எங்க சின்னவன் காபின்னு நினைச்சு அதைக் குடிச்சிட்டு அழுத அழுகை இருக்கே, அதுக்குத் தனியா ஒரு பட்டிமன்றம் வைக்கணும்.

இதுக்குப் பேரு சோம்பேறித்தனமாண்ணே? வீட்டுக்குள்ள மட்டும் அடுப்பு அணைஞ்சுச்சா? மார்ச் 22 ஞாயித்துக்கிழமை எல்லாரும் தட்டைத் தட்டுனாங்க. அன்னைக்குத் தட்டுன தட்டை எங்க வீட்டுல அப்புறம் கீழயே வைக்கலை. காலையில இட்லி, பதினோரு மணிக்குச் சுண்டல், மத்தியானம் சாப்பாடு, நாலு மணிக்கு வந்து “வேற என்ன இருக்கு?” சென்னைக்கு ஊரடங்கைத் திரும்பப் போட்டாங்க, அடுத்து நமக்கும் ஜூன் 24ல இருந்து திரும்பப் போட்டாங்க. ஜூலையிலயும் ஆகஸ்ட்லயும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை முழு ஊரடங்கு வேற. அந்த ஞாயித்துக்கிழமைகள்ல ஒண்ணுலதான் எங்க வீட்டுக்காரரு யூடியூப் பார்த்து பரோட்டாவுக்கு மாவு வீசுனாரு. மாவு அவரைத் தாண்டிப் போயிருச்சு. இன்னும் சுவத்துல இருக்கு, வந்தா காட்டுறேன்.

மூணு மணிக்கு எந்திரிச்சு அவ்வளவையும் சமைச்சுக் கட்டிட்டாவது கிளம்பிடணும்னு ஒருத்தி நினைக்கிறான்னா, அவளுக்கு வீட்டுக்குள்ள எப்படி இருந்திருக்கும்னு யோசிங்க. பச்சைச் சேலை அக்கா, இப்பத் தட்டுங்க. ஆங்... நன்றிக்கா.

இப்ப அழகர்கோவிலுக்கு வாரேன். செப்டம்பர் 1ல இருந்து கோயிலைத் திறந்தாச்சு, இ-பாஸும் வேணாம்னாச்சு. நாங்க பயந்து பயந்து கார்த்திகை மாசம்தான் வேனைப் பிடிச்சோம். எங்க அத்தை, அதான் எங்க வீட்டுக்காரரைப் பெத்த புண்ணியவதி, மொத ஆளா ஏறி ஜன்னல் ஓரம் உக்காந்தாச்சு. அறுபத்தஞ்சு வயசுக்கு மேல உள்ளவங்க கோயிலுக்கு வராம இருக்கிறது நல்லதுன்னு அப்ப சொல்லியிருந்தாங்க. “அத்தை, உங்களுக்கு என்ன வயசு?”ன்னேன். “எனக்கு அறுபத்திரண்டுதான்”னாங்க. கணக்குப் பார்த்தா எங்க வீட்டுக்காரரை எட்டு வயசுல பெத்திருக்கணும்.

சாமியைத் தள்ளி நின்னு கும்பிட்டாச்சு. தோசையும் வாங்கியாச்சு. வெளிய புளியமரத்தடியில அங்கங்க குடும்பம் குடும்பமா உக்காந்து கட்டுச்சோத்தைப் பிரிக்கிறாங்க. நானும் ஜமுக்காளத்தை விரிச்சேன். குரங்குக்கு ஒரு கண்ணு, பிள்ளைகளுக்கு ஒரு கண்ணுன்னு பரிமாறுறேன். ஒரு தட்டு மிஞ்சுது. “அத்தையை எங்கங்க?”ன்னேன். “உன்கூடத்தானே வந்தாக”ன்னாரு. “உங்ககூடத்தானே நடந்தாங்க”ன்னேன். அவ்வளவுதான், பகீர்னுச்சு. எங்கன்னு தேடுறது? அரக்குச் சுங்குடி, வெள்ளை முடி, முகத்துல நீல மாஸ்க். திரும்புற பக்கமெல்லாம் எங்க அத்தை! நான் மூணு பேரைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டேன். ஒரு பாட்டி “எங்க கூப்பிடுற தாயி?”ன்னு கேட்டுக்கிட்டே கூட வந்துருச்சு.

அப்ப ரெண்டு மரம் தள்ளி ஒரு குரல் கேக்குது. “புளியோதரையில உப்பு கம்மிம்மா.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து தினமும் கேக்குற குரல்.

போய்ப் பார்க்குறேன். முன்னப் பின்னத் தெரியாத ஒரு குடும்பத்துக்கு நடுவுல எங்க அத்தை சம்மணம் போட்டு உக்காந்திருக்காங்க. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி விட்டாச்சு. தட்டுல பாதி காலி. அந்த வீட்டு மருமக தலையைக் குனிஞ்சு “இனிமே சரியாப் போடுறேன் அத்தை”ங்குது! ஏன்னு கேளுங்க. அந்தப் பொண்ணு என்ன நினைச்சிருச்சுன்னா, இவங்க நம்ம புருஷன் வீட்டுச் சொந்தம், ஏதோ பெரிய அத்தை முறை, வாயைக் குடுக்கக் கூடாது. அந்தப் பொண்ணு புருஷன் என்ன நினைச்சிட்டாரு? இது மாமியார் வீட்டுச் சொந்தம், குறை சொன்னா ஊருக்குப் போற வரைக்கும் வேன்ல பேச்சு வாங்கணும். அவரு வாயே திறக்கலை. பின்வரிசையில கேக்கலைன்னு கை காட்டுறாங்க, திரும்பச் சொல்றேன்: பொண்டாட்டி நினைக்குது அவரு பக்கம்னு, புருஷன் நினைக்கிறாரு அது பக்கம்னு, நடுவுல எங்க அத்தை “ரெண்டாவது தடவை கொஞ்சம் வையி”ங்குறாங்க!

அதோட விட்டாங்களா? அந்தக் குடும்பத்துல ஏதோ ஒரு இடத்தை விக்கிறதா வேணாமான்னு பேச்சு ஓடியிருக்கு. எங்க அத்தை தட்டை வழிச்சுக்கிட்டே “இப்ப விக்காதீக, நோய்க் காலத்துல விலை கேக்க மாட்டாங்க”ன்னு தீர்ப்புச் சொல்லிட்டாங்க. வீட்டுப் பெரியவரு “அதுவும் சரிதான்”னு தலையாட்டுறாரு. நடுவர் அய்யா, நீங்க ரெண்டு மணி நேரம் கேட்டுச் சொல்ற தீர்ப்பை எங்க அத்தை ரெண்டு கை புளியோதரையில சொல்லிட்டாங்க.

“அத்தை!”ன்னு கூப்பிட்டேன். மொத்தக் குடும்பமும் நிமிர்ந்து பார்க்குது. அந்தப் பொண்ணு என்னையும் அவங்க அத்தையையும் மாறி மாறிப் பார்க்குது. மன்னிச்சிக்கங்க, எங்க அத்தையையும். பாருங்க, எனக்கே குழம்புது. அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா? “இருத்தா, ஒரு வாய்தான் பாக்கி. உப்பு கம்மியா இருந்தாலும் உன்னோடதை விட நல்லாத்தான் இருக்கு.”

சிரிங்க சிரிங்க. அன்னைக்கு அந்த மரத்தடியே சிரிச்சுச்சு.

கிளம்புறப்ப பதினெட்டாம்படிக் கருப்பு முன்னாடி நின்னோம். நம்ம பக்கத்து ஆளுகளுக்குச் சொல்ல வேண்டியதில்ல. கொடுக்கல் வாங்கல் வழக்குன்னா இன்னைக்கும் அங்கதான் சத்தியம். அங்க நின்னு பொய் சொல்ல நம்ம ஊர்ல எவனுக்கும் தைரியம் கிடையாது. நான் விளையாட்டாத்தான் கேட்டேன். “அத்தை, கருப்பு முன்னாடி சொல்லுங்க, நம்ம குடும்பம் இல்லைன்னு உங்களுக்கு உண்மையிலேயே தெரியாதா?”

கொஞ்ச நேரம் கருப்பு சந்நிதிக் கதவையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் சொன்னாங்க. “தெரியும்த்தா. நான் அந்தப் பக்கமா நடந்து போனேன். அந்தப் புள்ளை என்னைய நிமிர்ந்து பார்த்து, ‘வாங்கத்தை, உக்காருங்க’ன்னுச்சு. எத்தனை மாசமாச்சு, ஒரு ஆளு என்னைய உக்காரச் சொல்லி? கடையில ‘தள்ளி நில்லுங்க’, ஆஸ்பத்திரியில ‘தள்ளி நில்லுங்க’, பேரன்கூட ‘அப்பத்தா கிட்ட வராத’ன்னுதான். அது உக்காருங்கன்னுச்சு, உக்காந்துட்டேன்.”

எனக்குப் பேச்சு வரலை. உங்களுக்கும் சிரிப்பு நின்னு போச்சு, தெரியுது.

எங்க வீடு தெப்பக்குளத்துக்குப் பக்கம். திருமலை நாயக்கர் 1645ல வெட்டுன குளம். அந்தக் கரையில சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க அத்தையோட சேர்த்து நாலு கிழவிக உக்காருவாங்க. ஒருத்தி சுண்டல் வாங்கி நாலு பேருக்கும் பிரிப்பா. மருமகளைப் பத்திப் பேசுவாங்க, வேற என்ன பேசுவாங்க. எனக்கு அதுல கோவம்கூட உண்டு. ஊரடங்கு வந்துச்சு, அந்தப் பேச்சும் நின்னுச்சு. ஆடியில அந்தச் சுண்டல் வாங்குற பாட்டி தவறிப் போச்சு. அடுத்த தெருதான். சாவுக்கு இருபது பேருக்கு மேல கூடக் கூடாதுன்னு இருந்த காலம். அந்த இருபதுல எங்க அத்தைக்கு இடம் இல்ல. மாடியில ஏறி நின்னு, வண்டி தெருமுனை திரும்புற வரைக்கும் பார்த்தாங்க. இறங்கி வந்து எங்கிட்ட, “அவளுக்கு நான் பதினஞ்சு ரூவா குடுக்கணும்”னாங்க. எதிரணி அண்ணே, தாயம் விளையாடுனோம்னீங்க. எங்க அத்தையை யாருண்ணே ஆட்டத்துல சேர்த்தா?

இதுக்கு மேல எனக்கு வாதம் கிடையாது. பாயிண்ட்டு எழுதிக் கொண்டாந்த பேப்பர் கையிலதான் இருக்கு, அதுல மிச்சம் ஆறு பாயிண்ட்டும் இருக்கு. அதை நடுவர்கிட்டயே குடுத்துட்டுப் போறேன்.

ஒண்ணே ஒண்ணு சொல்லி முடிச்சிக்கிறேன். போன சித்திரையில, மே 4ஆம் தேதி, மீனாட்சி கல்யாணத்தை ஆள் இல்லாம கோயிலுக்குள்ளயே நடத்துனாங்க. நாங்க செல்போன்ல பார்த்து வீட்டுல தாலிக்கயிறு மாத்துனோம். அழகர் ஆத்துக்கே வரலை. வருஷா வருஷம் எங்க அத்தை சொம்புல சர்க்கரையை நிரப்பி, வாழை இலையை மேல வச்சு, சூடம் ஏத்தி அவருக்குக் காட்டுவாங்க. போன வருஷமும் அந்தச் சொம்பை அத்தை புளி போட்டு விளக்கி வச்சாங்க. “வர மாட்டாருன்னு சொல்லிட்டாங்களே அத்தை”ன்னேன். “விளக்கி வைக்கிறதுக்கும் தடையா?”ன்னாங்க.

மணி அடிச்சிட்டீங்க, முடிச்சிட்டேன் அய்யா. நீங்க தீர்ப்பை எந்தப் பக்கம் வேணாலும் சொல்லுங்க. வர்ற சித்திரைக்கு எங்க அத்தை சொம்போட வைகைக் கரையில நிப்பாங்க, நான் பிடிச்சுக் கூட்டிட்டு வருவேன். எதிரணி அண்ணனும் குடும்பத்தோட வரணும், புளியோதரை என் பொறுப்பு. உப்பு கம்மியா இருந்தா அத்தைகிட்டச் சொல்லுங்க. நன்றி, வணக்கம்.