மனிதர்களை விட்டுவிடுங்கள், நடுவர் அவர்களே!

(கடலூரில் ஒரு குடியிருப்பின் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: ‘அன்றாட வாழ்வில் நம்மைப் பாடாய்ப் படுத்துவது மனிதர்களா, பொருள்களா?’ ‘பொருள்களே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மார்கழிப் பனி இன்னும் விடாத இந்த ராத்திரியில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் நகர் மக்களே, எல்லாருக்கும் பொங்கல் வணக்கம்.

எதிரணித் தலைவர் நன்றாகவே பேசினார். ஆனால் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் அவர் என்ன செய்தார் என்று கவனித்தீர்களா? மைக்கைத் தட்டினார். ஊதினார். “ஹலோ, ஹலோ” என்றார். அது ‘கீ…’ என்று கத்தியது. ஒயரைப் பிடுங்கிச் செருகினார்கள். மறுபடியும் கத்தியது. மனிதர்கள்தான் தொல்லை என்று சொல்ல வந்தவரை முதல் நிமிடத்திலேயே படுத்தியெடுத்தது யார்? மனிதரா?

அவருடைய முக்கியமான வாதம் இது: “பொருள் வாயில்லாப் பூச்சி. வைத்த இடத்தில் இருக்கும். மனிதன்தான் தேடி வந்து குத்துவான்.” வைத்த இடத்தில் இருக்குமா? நகவெட்டி வைத்த இடத்தில் இருக்கிற வீடு ஒன்றே ஒன்றைக் காட்டுங்கள். நான் இப்போதே எழுந்து அந்த அணியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

வாயில்லாப் பூச்சியாம்! குக்கருக்கு வாயில்லையா? போன வாரம் அடுப்பில் சாதம் வைத்துவிட்டு, “மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க” என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மனுஷன் அடுப்புக்கு முன்னால் குழம்பிப்போய் நிற்கிறார். ஒன்று நன்றாக வந்ததாம். அடுத்தது ‘புஸ்’ என்று பாதியிலேயே அடங்கிவிட்டதாம். அதைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று எனக்காகக் காத்திருந்தாராம். அதற்குள் பக்கத்து வீட்டுக் குக்கரும் அடித்திருக்கிறது. அதையும் சேர்த்துவிட்டோமோ என்று ஒரு சந்தேகம் வேறு. சாதம் களியாகிவிட்டது. அன்றைக்கு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்தான் சாப்பிட்டோம். எதிரணிக்காரர்கள் இதைப் பார்த்திருந்தால் ‘கணவனால் தொல்லை’ என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். பாவம், அவர் என்ன செய்வார்? அரை விசில் அடித்தது அவரா?

அடுத்து, புது எவர்சில்வர் டப்பா. கடையில் பார்த்தால் முகம் தெரிகிறது, அப்படி ஒரு பளபளப்பு. நட்ட நடு நெற்றியில் ஒரு ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால் மேல்தாள் மட்டும் வரும், அடியில் வெள்ளையாகப் பசை நிற்கும். நார் போட்டுத் தேய்த்தால் வெள்ளை கறுப்பாகும். அடுப்பில் லேசாகக் காட்டி உரி என்பார் என் அம்மா. தேங்காய் எண்ணெய் தடவி ஊற வை என்பார் எதிர் வீட்டு அக்கா. இரண்டும் பலிக்கும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பருப்பு போட்டு வைக்கிற டப்பாவுக்கு எண்ணெய்க் குளியல் கேட்கிறது பாருங்கள்! என் கல்யாணத்துக்குச் சீராக வந்த அண்டாவில் அப்பா ஆசையாகப் பெயர் வெட்டிக் கொடுத்தார். தேய்த்துத் தேய்த்து அப்பா பெயர் மங்கிவிட்டது. ஸ்டிக்கர் பசை இன்னும் இருக்கிறது.

இனி சொல்லப்போவதை நம்மூர்க்காரர்கள் கோபப்படாமல் கேட்க வேண்டும். ஷாம்பு பாக்கெட். பொருளைச் சின்னச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனைக்கு முன்னோடி யார்? நம்ம கடலூர் சின்னி கிருஷ்ணன். பணக்காரர் வாங்குவதை அன்றாடக் கூலிக்குப் போகிறவரும் சில்லறைக் காசில் வாங்கட்டும் என்று நினைத்தவர். எவ்வளவு நல்ல மனசு! பாருங்கள், மனிதர் நல்லவர் நடுவர் அவர்களே, தொல்லை பாக்கெட்டில் இருக்கிறது.

தலையில் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. கண் மூடியிருக்கிறது. கை ஈரம். கிழிப்பதற்கென்று ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு போட்டிருப்பார்கள். அந்த இடத்தைத் தவிர வேறெங்கு வேண்டுமானாலும் கிழியும். கடைசியில் பல்லைத்தான் வைக்க வேண்டும். அப்போது ஒரு சொட்டு நாக்கில் படுமே, அந்தக் கசப்பு தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். அடடா, நடுவரே தூக்குகிறார்! சரி, குளித்தாகிவிட்டது. கிழித்த அந்தக் குட்டித் துண்டு எங்கே? தண்ணீரோடு ஓடி ஜல்லடையில் உட்கார்ந்துகொள்ளும். வெறுங்காலோடு உள்ளே போனால் கணுக்கால் வரைக்கும் தண்ணீர் நிற்கும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நான் அதற்கு முழு ஆதரவு. ஆனால் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்குகிறது. அதற்குள் மஞ்சப்பை, கட்டைப்பை, ஐப்பசியிலிருந்து போன கல்யாணங்களின் தாம்பூலப் பை எல்லாம் அடைந்து கிடக்கின்றன. கதவு முழுசாகத் திறக்காது. கடைக்குப் போய் நின்றால் மட்டும் கையில் ஒரு பை இருக்காது.

பத்து ரூபாய் நாணயத்தை நான் எடுக்கப்போவதில்லை. 14 வடிவங்களில் வந்த அத்தனையும் செல்லும் என்று 2018-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அப்புறமும் “வேற குடுங்க” என்று கேட்டவர்கள் மனிதர்கள். அது எதிரணிக்குப் போகிற மதிப்பெண், எடுத்துக்கொள்ளட்டும்.

செல்போனைப் பற்றியும் பேசவில்லை. இந்த வரிசையில் பாதிப்பேர் இப்போது என்னையா பார்க்கிறீர்கள்?

எதிரணித் தலைவர் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிக் கண்ணீர் விட்டார். வாசலை மறித்து பைக் நிறுத்துகிறாராம், டிவியை அலற விடுகிறாராம். ஐயா, பைக்கையும் டிவியையும் கழித்துவிட்டால் அவரிடம் உங்களுக்கு என்ன சண்டை? இதை நான் வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. கழித்துப் பார்த்த ஊர் இது.

2011 டிசம்பர் 30, தானே புயல். இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கரண்ட் கம்பமெல்லாம் படுத்துவிட்டது. வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தோம். பட்ட கஷ்டத்தைச் சின்னதாக்கிப் பேசினால் பாவம் வரும், அது பெரிய கஷ்டம். ஆனால் அந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர் தொல்லையாக இருந்தாரா? எங்கள் தெருவுக்கே ஒரு அடிபம்பு. ஏழு வருஷமாக நாங்கள் முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து வீட்டு அண்ணன் அடிக்க, நான் குடம் பிடித்தேன். நான் அடிக்க, அவர் மனைவி பிடித்தார். இருந்த ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் இரண்டு வீட்டுக்கும் கஞ்சி கொதித்தது. யார் வீட்டு டிவியும் அலறவில்லை. ராத்திரி எல்லாரும் வாசலில் உட்கார்ந்து பழைய கதை பேசினோம்.

ஒரு நாள் சாயந்திரம் கரண்ட் வந்தது. தெருவே கை தட்டியது. மறுநாள் விடியற்காலை அந்த அண்ணன் மோட்டார் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். டேங்க் நிரம்பி, எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக அரிசி மூட்டை மேல் கொட்டுகிறது. நான் ஜன்னலருகே போய் நின்றேன். அதற்கப்புறம் பேசியதை மேடையில் சொல்ல முடியாது. அண்ணன் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

நடுவர் மணி அடித்துவிட்டார். இதோ முடிக்கிறேன் ஐயா, உங்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. நீங்கள் நல்ல மனிதர். அந்த மணிதான்…

நன்றி, வணக்கம்.