செவுத்துல கொட்டுற தூளைப் பாருங்க, கீசர் நிக்குமான்னு சொல்லிரும்!

[காட்சி: டைல்ஸ் ஒட்டின குளியலறைச் செவுரு, டிரில் பிட் கிட்டத்துல]

25 லிட்டர் கீசருக்குள்ள தண்ணி மட்டுமே 25 கிலோ. டேங்கையும் சேத்தா 35 கிலோகிட்ட வந்துரும். குளிக்கிறவங்க தலைக்கு மேல முக்கா மூட்டை சிமெண்ட் தொங்குது மக்களே! அதைத் தாங்குறது ரெண்டே ரெண்டு ஓட்டை.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் கீழயும், குழாய்க்கு நேராவும் டிரில் வைக்காதீங்க. ரசமட்டம் வச்சுக் கோடு போட்டு, ஓட்டை எடத்துல பெருக்கல் குறி போட்டுக்கங்க. முன்வேலை அம்புட்டுத்தான்.

[காட்சி: குறிக்குக் கீழ மடிச்சு ஒட்டின வெள்ளைப் பேப்பர்]

இப்ப விசயத்துக்கு வருவோம். குறிக்குக் கீழ ஒரு பேப்பரைப் பை மாதிரி மடிச்சு டேப்பால ஒட்டுங்க. சோதனைக்கு முதல்ல 6 எம்எம் பிட்டைப் போட்டு மெதுவா இறக்குங்க. டைல்ஸைத் தாண்டுனதும் சாம்பல் கலர்ல கொட்டும். அது பூச்சு, 12ல இருந்து 20 எம்எம் இருக்கும். பூச்சு எந்தக் கனத்தையும் தாங்காது, அதைக் கணக்குலயே சேக்காதீங்க. அப்புறம் செக்கச்செவேல்னு வந்தா, செங்கலுக்குள்ள போயிட்டீங்க. நமக்கு வேண்டியது அதுதான்.

25 எம்எம் தாண்டியும் செவப்பு வரலையா? ரெண்டு செங்கலுக்கு நடுவுல கலவைச் சந்துல இறங்குறீங்க. 40 எம்எம் மேலயோ கீழயோ தள்ளிப் போடுங்க. ஃப்ளை ஆஷ் கல்லுல கட்டின வீடுன்னா கல்லே சாம்பல் கலர், அங்க இந்தக் கணக்குச் செல்லாது. மாவு மாதிரி நைசா வந்து பிட்டு இறங்கவே அடம்புடிச்சா கான்கிரீட். தூளே நின்னு கிறீச்னு கத்துனா கம்பி, உடனே நிப்பாட்டுங்க. பிட்டு பொசுக்குனு உள்ள விழுந்தா ஹாலோ பிளாக், உள்ள பொந்து விட்ட கல்லு. அங்க சாதா ஆங்கர், அதாவது ஓட்டைக்குள்ள விரிஞ்சு பிடிக்கிற போல்ட், பிடிக்காது. வலைச் சிலீவுக்குள்ள (வலைக் குழாய்) பசை ரொப்பி ஒட்டுற கெமிக்கல் ஆங்கர்தான்.

வெள்ளையா, பொலபொலன்னு வந்தா? மதுரை மாசி வீதிப் பக்கத்துப் பழைய வீடுகள்ல இது சகஜம், சுண்ணாம்புக் காரை. திருமலை நாயக்கர் மகால் 1636ல இருந்து செங்கல்லயும் சுண்ணாம்புலயும்தான் நிக்குது. மேல இருந்து அமுக்குற பாரத்தை அது அருமையாத் தாங்கும். உள்ள இருந்து விரியிற போல்ட்டைத்தான் தாங்காது, உதுந்துரும். அங்க செவுத்தைத் துளைச்சு, அந்தப் பக்கம் இரும்புத் தகடு வச்சு முடுக்குறதுதான் சரி.

உங்க வீட்டுச் செவுத்துல என்ன கலர் வருதுன்னு கமெண்ட்ல போடுங்க, ஊரையும் சேத்து!

[காட்சி: ஆங்கர் போல்ட், பக்கத்துல பிட்டு]

ஆங்கருக்கான ஓட்டை அளவு, போல்ட்டைச் சுத்தியிருக்கிற சிலீவோட வெளி அளவு. மரையோட அளவைப் பாத்துப் போட்டுறாதீங்க. ஆழம் தெரியிறதுக்கு, ஆங்கர் நீளத்தோட 10 எம்எம் கூட்டி பிட்டுல டேப் சுத்துங்க. பூச்சு போக செங்கலுக்குள்ள 50 எம்எம்மாவது ஆங்கர் இருக்கணும். டைல்ஸைத் தாண்டுற வரைக்கும் டிரில்லோட ஹேமரை (இடிச்சுத் துளைக்கிற மோடு) ஆஃப் பண்ணிருங்க, இல்லைன்னா விரிசல் நிச்சயம். தூளை சைக்கிள் பம்பால ஊதி எடுங்க. தூளுக்குள்ள ஆங்கர் வழுக்கும். ஓட்டை பெருசாயிருச்சுன்னு தீக்குச்சி சொருகுறது வேண்டவே வேண்டாம், எடத்தை மாத்துங்க. நட்டு இறுகுனதும் விட்டுருங்க. அதுக்கு மேல முடுக்குனா செங்கல் பிளக்கும்.

கீசரை மாட்டி, தண்ணி ரொப்புறதுக்கு முன்னாடி அதைத் தாங்குற பட்டைக்கு அடியில பென்சில்ல ஒரு கோடு போடுங்க. மறுநாள் பட்டை கோட்டை விட்டு ஒரு நூல் எறங்கியிருந்தாக்கூட தண்ணியை வடிச்சுக் கழட்டிருங்க.