திரும்பி வரவும் வாசல் உண்டு

மதுரை வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறைக் கத்தோலிக்கர்கள் நல்லாயன் ஞாயிறு என்று சொல்வோம். 1964-இலிருந்து அதே நாள் இறையழைத்தலுக்காக, அதாவது குருக்களாகவும் துறவிகளாகவும் ஆகக் கடவுள் விடுக்கும் அழைப்புக்காக, உலகம் முழுக்க மன்றாடும் நாளாகவும் இருக்கிறது. அன்றைக்குப் பல கோவில்களில் பூசை முடிந்ததும் ஒரு சிஸ்டர் மைக் முன்னால் வந்து, உங்கள் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையை ஆண்டவருக்குக் கொடுங்கள் என்று கேட்பார். அப்படிக் கேட்கிற பணியைப் பல ஆண்டுகள் செய்தவள் நான். மேலூர்ப் பக்கம், வாடிப்பட்டிப் பக்கம், உசிலம்பட்டி தாண்டி என்று பங்கு பங்காக, அதாவது ஒவ்வொரு கோவில் வட்டாரமாகப் போய் வீடுகளில் உட்கார்ந்து காபி குடித்துப் பேசியிருக்கிறேன். மைக் முன்னால் கிடைக்கிற ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாத ஒன்றைப் பேசத்தான் இன்றைக்கு இந்த அழைப்பை ஏற்றுக்கொண்டேன். கன்னியாஸ்திரியாக மடத்துக்குப் போக நினைக்கிற பெண்ணுக்கும் சரி, அவளைப் பெற்றவர்களுக்கும் சரி, அந்த முடிவு அவளுடைய சொந்த முடிவாக இருக்க வேண்டும், போன பிறகு இது நமக்கில்லை என்று தெரிந்தால் தலை குனியாமல் திரும்பி வரவும் முடிய வேண்டும்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பலர் கத்தோலிக்கர் அல்ல என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் சிஸ்டர் என்றவுடன் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்லூரிதான் நினைவுக்கு வரும். பாத்திமா கல்லூரியை 1953-இல் தொடங்கியவர்கள் லியோன் புனித வளனார் சபைச் சகோதரிகள். அங்கே படித்த எத்தனையோ இந்து, முஸ்லிம் பெண்கள் இன்று பாட்டிகளாக இருக்கிறார்கள். ஆனால் பாடம் நடத்துவதற்காக யாரும் கன்னியாஸ்திரி ஆக வேண்டியதில்லை, அதற்கு பி.எட். போதும். ஊசி போடுவதற்கும் நர்சிங் படித்தால் போதும். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடு கொடுத்து, கடவுளுக்கே என் வாழ்க்கை என்று ஒரு பெண் நிற்கிறாள் என்றால் அதற்கு வேலையைத் தாண்டி ஒரு காரணம் இருக்க வேண்டும். ஆண்டாள் பிறந்த வில்லிபுத்தூர் இங்கிருந்து பக்கம்தான், அதனால் கடவுளைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று ஒரு பெண் சொல்வதை இந்த மண்ணில் யாருக்கும் பெரிதாக விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மடத்துக்குப் போனால்தான் புனிதம், கல்யாணம் செய்துகொண்டால் ஒரு படி கீழே என்று நம் ஊர்களில் ஒரு பேச்சு உண்டு, அது தவறு. 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட நம் தேவசகாயம் மனைவியோடு வாழ்ந்த இல்லறத்தார். இரண்டும் அழைத்தல்தான், எது உனக்கு என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியோடு என்னிடம் வந்த பெண்களின் காரணங்கள் பலவகை. பத்தாவது படிக்கும்போது வகுப்பெடுத்த ஒரு சிஸ்டரைப் பிடித்துப்போய் அவர் மாதிரியே ஆக வேண்டும் என்று வருவார்கள். அதில் தப்பில்லை, பாதி அழைத்தல்கள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள், நகை போட வழியில்லை, ஒருத்தி மடத்துக்குப் போனால் படிப்பாவது கிடைக்கும் என்று பெற்றவர்களே அழைத்து வருவதும் உண்டு. பிள்ளை பிழைத்தால் ஆண்டவருக்கே கொடுத்துவிடுகிறேன் என்று வேளாங்கண்ணியிலோ இடைக்காட்டூர் திரு இருதய ஆலயத்திலோ அம்மா நேர்ந்துகொண்டிருப்பார். அந்த அம்மாவின் கண்ணீர் உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் நேர்ச்சை அம்மாவுடையது. மகளுடைய வாழ்க்கையை எடுத்து அதை நிறைவேற்ற முடியாது. ஒரு அம்மாவிடம் நேராகவே சொன்னேன்: ‘அம்மா, உங்க நேர்ச்சைய நீங்க செய்யிற ஒன்னாலதான் தீர்க்கணும். பங்குச்சாமியார்கிட்ட பேசுங்க, வேற தர்மமா மாத்திக் குடுப்பாரு.’

இதையெல்லாம்விட அடிக்கடி வருவது இன்னொன்று. பிளஸ் டூ முடித்த ஒரு பெண், வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமம், பெயர் வேண்டாம். எங்கள் மடத்துப் பார்வையாளர் அறையில் வந்து உட்கார்ந்தவள் துப்பட்டா நுனியைச் சுருட்டுகிறாள், பிரிக்கிறாள், மறுபடியும் சுருட்டுகிறாள். நான் தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

‘சிஸ்டர், நான் இன்னைக்கே சேரணும்.’

‘சேரலாம்மா. ஏன் இன்னைக்கே?’

‘ஆண்டவர் கூப்பிடுறாரு சிஸ்டர்.’

‘எப்ப இருந்து?’

அதற்குப் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகத்தான் வந்தது. தாய்மாமன் மகனுக்கு முடிவு செய்துவிட்டார்கள், ஆவணியில் கல்யாணம், அவனுக்குக் குடிப்பழக்கம், முறை விட்டுப்போகக் கூடாது என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். மடத்துக்குப் போகிறேன் என்றால் மட்டும்தான் அப்பா பேசாமல் இருப்பார்.

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. நெருக்கடியில் கடவுளைத் தேடுகிற யாருக்கும் அவர் கூப்பிடுவது போலத்தான் இருக்கும். ஆனால் பிடிக்காத கல்யாணத்துக்குப் பதில், வேண்டாம் என்று சொல்வதுதான். அந்த உரிமை அவளுக்குச் சட்டத்திலும் உண்டு, திருச்சபையிலும் உண்டு, சம்மதம் இல்லாத திருமணம் எங்கள் சட்டப்படி திருமணமே இல்லை. பதினெட்டு ஆகாத பிள்ளை என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம். அன்றைக்கு அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பங்குத்தந்தையோடு போய் அவள் அப்பாவிடம் பேசினோம், ஒரு தடவையில் முடியவில்லை, ஆனால் கல்யாணம் நின்றது, அவள் கல்லூரிக்குப் போனாள். கல்லூரி முடிந்த பிறகும் மடம் வேண்டும் என்று தோன்றினால் வா என்று சொல்லியிருந்தேன். அவள் வரவில்லை, அதில் எனக்கு நிறைவுதான்.

அப்படியானால் எது அழைத்தல், எது வெறும் ஓட்டம், எது மூன்று நாள் தியானக் கூட்டத்தில் பாட்டும் கைத்தட்டலுமாகச் சேர்ந்த சூடு என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு எனக்குத் தெரிந்து இன்றுவரை சேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரைவிடத் தெளிவாக யாரும் வழி சொன்னதில்லை. 1521-இல் பாம்பலோனா கோட்டைச் சண்டையில் குண்டடிபட்டுக் கால் உடைந்து மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்த போர்வீரர் அவர். ஒருநாள் ஒரு பெருமாட்டியின் மனதை வெல்வது போலக் கனவு காண்பார், இன்னொரு நாள் புனிதர்களைப் போல வாழ்வதாக நினைத்துக்கொள்வார். இரண்டுமே நினைக்கும்போது இனித்தன. வித்தியாசம் பிறகுதான் தெரிந்தது: முதல் கனவு கலைந்ததும் மனம் வறண்டுபோனது, இரண்டாவது கலைந்த பிறகும் நிம்மதி அப்படியே தங்கியிருந்தது. அந்தத் தங்குதலைத்தான் கவனிக்க வேண்டும். தியானத்தில் அழுதேன் சிஸ்டர் என்று சொல்கிற பெண்ணிடம் நான் கேட்பது, அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தண்ணீர் லாரி வராத நாளில், தம்பியோடு சண்டை போட்ட பிறகு, அந்த ஆசை இருந்ததா என்பதைத்தான். இருந்தது என்றால் பேசுவோம்.

அவரே சொன்ன இன்னொரு விதி, ஏற்கெனவே எடுத்த முடிவை மனம் வறண்டு கலங்கிக் கிடக்கிற காலத்தில் மாற்றாதே என்பது. போக நினைக்கிறவர்களுக்கும் உள்ளே இருந்துகொண்டு வெளியேற நினைக்கிறவர்களுக்கும் இது சமமாகப் பொருந்தும். காதல் தோல்வியில் எடுக்கிற முடிவு, பரீட்சையில் தவறிய வாரத்தில் எடுக்கிற முடிவு, மதர் திட்டிய அன்று இரவு எடுக்கிற முடிவு, எதுவும் வேண்டாம். மனம் தெளியட்டும், அப்புறம் பார்க்கலாம். இந்த வழியில் நடத்திச் செல்ல ஒரு ஆன்ம வழிகாட்டி வேண்டும். திண்டுக்கல்லிலும் செண்பகனூரிலும் சேசு சபையார் நெடுங்காலமாக இருக்கிறார்கள், அவர்களைப் போய்ப் பார்க்கலாம். அவர்கள்தான் வேண்டும் என்றும் இல்லை. உங்களை எந்தச் சபையிலும் சேர்க்க அவசரப்படாத ஒரு ஆள் என்றால் போதும்.

கட்டாயம் என்பது இந்தக் காலத்தில் நாம் கண்டுபிடித்த பிரச்சினை இல்லை. 1563-இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்துப் பொதுச்சங்கம், ஒரு பெண்ணை வற்புறுத்தி மடத்தில் தள்ளுகிறவர்களைச் சபைநீக்கம் செய்வதாகச் சொன்னது. மடத்துக்குப் போக விரும்புகிறவளைத் தகுந்த காரணம் இல்லாமல் தடுக்கிறவர்களுக்கும் அதே தண்டனை என்று அதே மூச்சில் சொன்னது. நானூற்று அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் இந்த இரண்டாம் பாதியை நம் வீடுகளில் யாரும் கேட்டதில்லை. ஒரே மகள் என்பதால் செத்துப்போவேன் என்று மிரட்டுகிற அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது, வயதான காலத்தில் யார் பார்ப்பார்கள் என்பது நியாயமான கேள்வி, அதை மகளும் சபையும் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். மிரட்டல் மட்டும் வேண்டாம். நாளைக்கு அவள் உங்களோடு வீட்டில் இருந்தாலும் மனம் உங்களோடு இருக்காது.

இப்போதுள்ள 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. பதினேழு வயது நிறையாதவளை நவதுறவில், அதாவது வார்த்தைப்பாட்டுக்கு முந்தைய பயிற்சிக் காலத்தில், சேர்த்தால் அது செல்லாது. பயமுறுத்தியோ ஏமாற்றியோ சேர்த்தாலும் செல்லாது. நவதுறவு குறைந்தது பன்னிரண்டு மாதம். அதன்பின் முதல் வார்த்தைப்பாடு, அதுவும் தற்காலிகம்தான், மூன்றிலிருந்து ஆறு வருடம், தேவைப்பட்டால் ஒன்பது வருடம் வரை நீட்டலாம். நித்திய வார்த்தைப்பாட்டுக்குக் குறைந்தது இருபத்தொரு வயது. நவகன்னியாக இருக்கும்போது எந்த நாளும் கிளம்பலாம், தற்காலிக வார்த்தைப்பாடு முடிகிற நாளிலும் யாரையும் கேட்காமல் கிளம்பலாம். இத்தனை வருடம் எதற்கு வைத்திருக்கிறார்கள்? சபை அவளைப் பார்க்க வேண்டும், அவளும் சபையைப் பார்க்க வேண்டும்.

அந்த வருடங்களில் என்ன நடக்கிறது என்று கேட்டால், வெளியே இருப்பவர்கள் நினைப்பது போல நாள் முழுக்க ஜெபம் இல்லை. விடியுமுன் மணி, தியானம், திருப்புகழ்மாலை, பூசை, அப்புறம் முறத்தில் அரிசி புடைப்பதும் கழிப்பறை கழுவுவதும்தான். உண்மையான சோதனை மற்ற பெண்கள். தூத்துக்குடிக்காரி மீன்குழம்பில் கூடுதலாகப் புளி விடுவாள், தஞ்சாவூர்க்காரிக்கு அது பிடிக்காது, ஒருத்திக்கு ராத்திரி ஃபேன் வேண்டும், பக்கத்துக் கட்டில்காரிக்குச் சளி. நாம் தேர்ந்தெடுக்காத இந்தப் பெண்களோடு வாழ்நாள் முழுக்க ஒரே மேசையில் சாப்பிட முடியுமா, முணுமுணுக்காமல் மட்டுமில்லை, அன்போடு முடியுமா? ஜெபத்தில் உருகுகிற எத்தனையோ நல்ல பெண்களால் இது முடியாது. அதற்காக அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுடைய பாதை வேறு.

அப்படித் திரும்பி வருகிற பெண்ணுக்கு நம் ஊர்களில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. என்ன தப்பு செய்தாளோ, அவர்களே அனுப்பிவிட்டார்களாம், இனி யார் கட்டுவார்கள். ஞாயிறு பூசையில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் பக்கத்து இடம் காலியாக இருக்கும். இந்தப் பேச்சுக்குப் பயந்தே, வேண்டாம் என்று தெரிந்த பிறகும் உள்ளேயே இருந்துவிடுகிற பெண்கள் உண்டு. அவர்கள் நாற்பது வயதில் எப்படி இருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டாம், அவர்களோடு வாழ்கிற மற்றவர்களைக் கேளுங்கள். போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டு வந்தவள் தேர்ந்து தெளிந்தவள். திருச்சபை அவளுக்குக் கொடுத்த காலத்தைச் சரியாகப் பயன்படுத்தியிருக்கிறாள். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் அவளை வாசகம் வாசிக்கச் சொல்லுங்கள், மறைக்கல்வி எடுக்கச் சொல்லுங்கள். ஏன் வந்தாய் என்று கேட்காதீர்கள், சொல்ல நினைத்தால் அவளே சொல்வாள்.

சபைகளுக்கும் கடமை இருக்கிறது. வெளியேறுகிறவள் செய்த வேலைக்குக் கூலி கேட்க முடியாது என்று சட்டம் சொல்கிறது, ஆனால் அவளை நீதியோடும் நற்செய்தியின் அன்போடும் நடத்த வேண்டும் என்றும் அதே 702-ஆம் சட்டம் சொல்கிறது. கையில் பஸ் காசைக் கொடுத்து அனுப்புவது அந்த அன்பு ஆகாது. படிப்பு பாதியில் இருந்தால் முடிக்க உதவ வேண்டும், ஒரு வேலைக்குச் சொல்லிவிட வேண்டும், முதல் சில மாதம் யாராவது போன் செய்து பேச வேண்டும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற தங்கச்சி யாராவது மனதுக்குள் அந்த ஆசையோடு இருந்தால், அவசரம் வேண்டாம், ஆனால் ஆசையை மூடியும் வைக்க வேண்டாம். ஒரு சபையோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று சபைகளின் ‘வந்து பார்’ முகாமுக்குப் போங்கள். வெளியே வராமல் ஜெபத்திலேயே வாழ்கிற அடைப்பு மடத்து வாழ்க்கை வேறு, கிராமத்தில் மருந்தகம் நடத்துகிற சபையின் வாழ்க்கை வேறு. போகும்போது வெட்கப்படாமல் கேளுங்கள்: என் படிப்பு என்ன ஆகும், அம்மா அப்பாவுக்கு முடியாமல் போனால் எத்தனை நாள் விடுவீர்கள், பாவசங்கீர்த்தனத்துக்கும் ஆன்ம ஆலோசனைக்கும் வெளியிலிருந்து யார் வருகிறார்கள், என் அசல் சான்றிதழ்கள் யார் கையில் இருக்கும், கிளம்ப நினைத்தால் நான் யாரிடம் சொல்ல வேண்டும். நல்ல சபை இந்தக் கேள்விகளுக்கு உட்கார வைத்துப் பதில் சொல்லும். முகம் சுளித்தால் அடுத்த சபையைப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.