கையெழுத்துப் போட்டவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

ஓர் ஊரையே கொன்று குவித்தார்கள் என்று செய்தி வந்தால், சுட்டது யார் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்போம். பல வருஷமாக இப்படிப்பட்ட வழக்குகளைத் தொடர்ந்து படித்து வருகிற எனக்கு, அதற்கு அடுத்த கேள்விதான் பெரிது. சுடச் சொன்னது யார்? தெரிந்தும் தடுக்காமல் இருந்தது யார்? சுட்டவன் எப்போதாவது பிடிபடுகிறான். சொன்னவரைக் கூண்டில் ஏற்றுவதுதான் பெரும்பாடு.

ஏனென்றால் அவர் அந்த இடத்துக்கே போயிருக்கமாட்டார். எங்கேயோ ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். வழக்கு வந்ததும் அவருடைய வக்கீல் எழுந்து, “கீழே இருந்தவர்கள் அத்துமீறிவிட்டார்கள், என் கட்சிக்காரருக்கு எதுவும் தெரியாது” என்பார். இந்த ஒற்றைப் பேச்சை உடைக்கத்தான் வருஷக்கணக்காகிறது.

எதை வைத்து உடைப்பது? காகிதத்தை வைத்து. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும், மேலிருந்து உத்தரவு வந்தால் அதற்கு ஒரு நகல் இருக்கும். வேலை முடிந்ததும் கீழிருந்து அறிக்கை போகும். பார்த்தேன் என்பதற்கு ஓரத்தில் ஒரு சுருக்கொப்பம் இருக்கும். பட்டாளமும் ரகசியப் போலீசும் அப்படித்தான் நடக்கின்றன. ஆயிரக்கணக்கானவர்களைக் கொல்ல லாரி வேண்டும், டீசல் வேண்டும், தோட்டா வேண்டும். ஒவ்வொன்றுக்கும் யாரோ கணக்கு எழுதுகிறார்கள். 1945இல் நூரம்பெர்க்கில் நாஜித் தலைவர்கள் மீது வழக்கு தொடங்கியபோது, அமெரிக்கத் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் ஜாக்சன் சாட்சிகளைவிட அவர்களுடைய சொந்த ஆவணங்களைத்தான் அதிகம் நம்பினார். தாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டதை எப்படி மறுப்பார்கள்?

டீசல் என்று சும்மா சொல்லவில்லை. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் ஏறக்குறைய எண்ணாயிரம் முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் போஸ்னிய செர்பியப் படை கொன்றது. கொலைகள் நடந்துகொண்டிருந்த ஜூலை 16ஆம் தேதி ஒட்டுக்கேட்கப்பட்ட ஒரு உரையாடலில், பொபோவிச் என்ற அதிகாரிக்கு 500 லிட்டர் டீசல் வேண்டும், வராவிட்டால் அவர் செய்யும் வேலை நின்றுவிடும் என்று கேட்கிறார்கள். எந்த வேலை என்று அந்தப் பேச்சில் யாரும் சொல்லவில்லை. எரிபொருள் வழங்கிய பதிவேடு, வண்டிகள் ஓடிய கணக்கு, தோண்டி எடுத்த புதைகுழிகள், எல்லாவற்றையும் தேதி வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அது இந்தக் கொலை வேலைதான் என்று புரிந்தது. பொபோவிச்சுக்கு ஆயுள் தண்டனை. உத்தரவுச் சங்கிலி அவரோடு நிற்கவில்லை. அந்தப் படையின் தளபதி மிலாதிச்சுக்கு 2017இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. அரசியல் தலைவர் கரட்ஜிச்சுக்கு முதலில் 40 வருஷம், 2019இல் மேல்முறையீட்டில் அதுவும் ஆயுளானது.

அப்புறம், எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஆப்பிரிக்காவில் சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஹிசென் ஹப்ரே ஆண்டார். அவருடைய ரகசியப் போலீஸ் நேராக அவருக்குத்தான் கட்டுப்பட்டது. தலைநகரில் ஒரு பழைய நீச்சல் குளத்தின் மேல் கான்கிரீட் தளம் போட்டு, உள்ளே அறை அறையாகத் தடுத்து, நிலத்தடிச் சிறையாக்கி வைத்திருந்தார்கள். அந்த ஆட்சியில் சுலைமான் கெங்கெங் என்ற கணக்காளர் 1988இல் பிடிபட்டு, இரண்டு வருஷத்துக்கு மேல் வெவ்வேறு சிறைகளில் கிடந்தார். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போவதைப் பார்த்தார். உயிரோடு வெளியே போனால் இவர்களுக்கு நியாயம் கேட்பேன் என்று அங்கேயே சபதம் செய்துகொண்டார். 1990 டிசம்பரில் ஹப்ரே ஆட்சியிழந்து செனகலுக்கு ஓடினார். கெங்கெங் வெளியே வந்தார்.

வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? பிழைத்து வந்தவர்களையும் விதவைகளையும் தேடிப்போய், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள் என்று எழுதி வாங்கத் தொடங்கினார். அவரும் அவரோடு சேர்ந்தவர்களுமாக 792 பேருடைய வாக்குமூலங்களைத் திரட்டினார்கள். அப்போது வழக்கும் கிடையாது, விசாரிக்க நீதிமன்றமும் கிடையாது. ஹப்ரேயின் ஆட்களில் பலர் புதிய அரசிலும் பதவியில் இருந்தார்கள். மிரட்டல் வந்ததும் கெங்கெங் அந்தத் தாள்களைத் தன் வீட்டில் ஒளித்துவைத்தார். பல வருஷம் அங்கேயே இருந்தன. யாராவது ஒருநாள் கேட்பார்கள் என்ற நம்பிக்கை மட்டும்தான் அவருக்கு.

2000இல் செனகலில் புகார் கொடுத்தார்கள். அடுத்த வருஷம், கைவிடப்பட்டுக் கிடந்த ரகசியப் போலீஸ் தலைமையகத்துக்குள் மனித உரிமை அமைப்பினர் நுழைந்தபோது தரையெல்லாம் காகிதம். கைதிகளின் பட்டியல், விசாரணைக் குறிப்பு, இறப்புச் சான்று. காவலில் செத்த 1,208 பேருடைய பெயர்கள் அவற்றில் இருந்தன. கைதிகளைப் பற்றி ஹப்ரேக்கு நேரடியாகப் போன தகவல்கள் மட்டும் 1,265. எனக்குத் தெரியாது என்று இனி எந்த வாயால் சொல்வது?

அதற்குப் பிறகும் 2015 வரை இழுத்தது. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் உடன்பாட்டோடு செனகலின் தலைநகர் டக்காரில் தனி நீதிமன்றம் அமைத்தார்கள். நான் வரமாட்டேன் என்று ஹப்ரே அடம்பிடிக்க, காவலர்கள் அவரைத் தூக்கி வந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கண்ணாடி. நீதிபதி கேட்ட எதற்கும் பதில் இல்லை. அவருக்கு முன்னால் நின்று கெங்கெங் சாட்சி சொன்னார். 2016 மே 30ஆம் தேதி ஆயுள் தண்டனை.  2021இல் ஹப்ரே தண்டனைக் காலத்திலேயே இறந்தார்.

சரி, எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. இலங்கையில் மிருசுவிலில் 2000ஆம் ஆண்டு, ஒரு குழந்தை உட்பட எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். 2015இல் ஒரேயொரு ராணுவ சார்ஜண்டுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2020இல் ஜனாதிபதி அவரையும் மன்னித்து வெளியே விட்டார். சங்கிலி சார்ஜண்டைத் தாண்டி மேலே ஏறவேயில்லை. 2021 முதல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் இலங்கை பற்றிய சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாத்து வருகிறது. கெங்கெங் தன் வீட்டில் செய்தது அதே வேலைதான். அதனால் அதை வெட்டி வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். அதன் சட்டத்தில் பதவி யாருக்கும் கேடயமில்லை. கீழே நடப்பது தெரிந்திருந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தும், தடுக்காத தளபதியும் குற்றவாளிதான். ஆனால் அதற்கென்று போலீஸ் கிடையாது. சூடானின் முன்னாள் ஜனாதிபதி பஷீர் மீது 2009இல் போட்ட பிடியாணை இன்னும் நிறைவேறவில்லை. பிலிப்பைன்சின் முன்னாள் ஜனாதிபதி துதெர்தே 2025 மார்ச்சில் பிடிபட்டு, அந்த நீதிமன்றம் இருக்கிற ஹேக் நகருக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஹப்ரே வழக்கில் 7,396 பேருக்கு அந்த நாட்டுப் பணத்தில் 8,200 கோடி சிஎஃப்ஏ பிராங்க்குக்கு மேல் இழப்பீடு தரச்சொல்லி 2017இல் தீர்ப்பு வந்தது. அதில் பெரும்பகுதி அவர்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை. வழக்குக்காக அத்தனை வருஷம் காத்திருந்தவர்களில் பலர் அந்தப் பணத்தைப் பார்க்காமலே இறந்துபோனார்கள். மீதமிருப்பவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வணக்கம்.