எலியின் கருப்பத்தை இறுதிவரை தாங்கும் சூலகம்

(மட்டக்களப்பில் உயர்தர உயிரியல் மாணவர்கள், ஆசிரியர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்புக்குரிய ஆசிரியர்களே, மாணவர்களே,

உங்களில் பலர் நாளை வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கப்போகிறவர்கள். ஆகவே பரீட்சைக்காக நாம் மனனம் செய்யும் ஒரு வரியை இன்று சோதித்துப் பார்ப்போம்: “கருப்பத்தின் தொடக்கத்தில் புரோஜெஸ்தரோனை மஞ்சட்சடலம் சுரக்கும், பின்னர் அப்பொறுப்பைச் சூல்வித்தகம் ஏற்கும்.” புரோஜெஸ்தரோன் கருப்பத்தைத் தாங்கும் ஓமோன்; மஞ்சட்சடலம் முட்டை வெளியேறிய பின் சூலகத்தில் உருவாகும் சுரப்பி; சூல்வித்தகம் என்பது நஞ்சுக்கொடி. பெண்களுக்கு இது சரி, 7 முதல் 9 வாரங்களுக்குள் அந்தக் கைமாற்றம் நடந்துவிடுகிறது. எலிக்கு இது பொருந்தாது. எலியின் கருப்பகாலம் ஏறக்குறைய 22 நாட்கள். அதன் பிற்பாதியில் சூலகங்களை அகற்றினாலும் கருப்பம் நிலைக்காது.

சுரப்பது இறுதிவரை சூலகமே. ஆனால் அதற்குக் கட்டளையிடுவது நடுவழியில் மாறுகிறது. இணைசேரும்போது கருப்பைக் கழுத்தில் ஏற்படும் தூண்டல் மூளைக்குச் செல்ல, கபச்சுரப்பி நாளுக்கு இருமுறை, விடியலுக்கு முன்பும் மாலையிலும், மஞ்சட்சடலத்தை இயக்கும் புரோலக்ரின் என்னும் ஓமோனைப் பொங்கவிடுகிறது. ஆண் எலி மலடாக இருந்தாலும் இது நிகழும். கருவே இல்லாமல் மஞ்சட்சடலம் இரு வாரங்களுக்குச் சற்றுக் குறைவாக உழைக்கும். அதனைப் போலிக்கருப்பம் என்கிறோம். கருப்பத்தின் நடுப்பகுதிக்குள் கபச்சுரப்பியின் லூட்டினாக்கும் ஓமோனும் வேண்டும். அது மஞ்சட்சடலத்திலேயே ஈஸ்ட்ரஜனை உருவாக்கத் துணைபுரிகிறது. ஏறக்குறைய 12ஆம் நாளுக்குப் பிறகு கபச்சுரப்பியை அகற்றினாலும் கருப்பம் கலைவதில்லை. ஏனெனில் சூல்வித்தகம் சுரக்கும் லக்ரோஜன்கள் என்னும் ஓமோன்கள், மஞ்சட்சடலத்தில் புரோலக்ரின் வந்து பொருந்தும் அதே ஏற்பிகளைப் பற்றிக்கொள்கின்றன. இவ்விடத்தை நான் எத்தனை முறை கற்பித்தாலும் வியப்புக் குறைவதில்லை: தன்னைத் தாங்கும் ஓமோனைத் தானே சுரக்காமல், தாயின் சூலகத்தைச் சுரக்கவைக்கிறது சூல்வித்தகம்!

பிரசவம் நெருங்கும்போது 20-அல்பா ஐதரொக்சிஸ்ரீரொயிட் டீஐதரோஜினேஸ் என்னும் நொதியம் மஞ்சட்சடலத்தில் பெருகி, புரோஜெஸ்தரோனைச் செயலற்ற வடிவமாக மாற்றுகிறது. உன்னிச்சைக் குளத்துக்கு நீர் வந்துகொண்டிருந்தாலும் வான்கதவுகளைத் திறந்தால் மட்டம் இறங்கும் அல்லவா? அதுபோலத்தான். இதுவரை அந்த நொதியத்தை அடக்கிவைத்திருந்தவை புரோலக்ரினும் லக்ரோஜன்களுமே; அதை எழுப்புவது புரொஸ்ரகிளாண்டின் எஃப்-2-அல்பா என்னும் இரசாயனத் தூது. 1997இல் யப்பானிய ஆய்வாளர்கள் அதன் ஏற்பி இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினர். அவற்றில் புரோஜெஸ்தரோன் குறையவுமில்லை, பிரசவம் நடக்கவுமில்லை. சூலகங்களை அகற்றியதும் அவை ஈன்றன.

பெண்களிலோ பிரசவத்துக்கு முன் குருதியில் புரோஜெஸ்தரோன் இப்படிச் சரிவதில்லை. எனவே ஒரு மருந்து எலியின் கருப்பத்தைக் கலைத்தது என்று படித்தால், அது கருவைத் தாக்கியதா, மஞ்சட்சடலத்தையா என்று முதலில் கேளுங்கள். புரோமோகிரிப்ரின் புரோலக்ரினைக் குறைப்பதால் எலியின் தொடக்கக் கருப்பத்தைக் குலைக்கிறது. அதே மருந்தை உட்கொண்டு கருத்தரித்த பெண்கள் பலர் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள்.