டாகாவ் போகும் நாள்

வணக்கம் நேயர்களே.

போன மாதம் என் சித்தப்பா மகன் சென்னையிலிருந்து கூப்பிட்டான். அவனும் மனைவியும் பதினொரு வயது மகளும் விடுமுறைக்கு ஜெர்மனி வருகிறார்கள். மியூனிக்கில் எங்கள் வீட்டில் மூன்று நாள் தங்கல். எழுதி வைத்திருந்த பயணத் திட்டத்தை வாசித்துக் காட்டினான். இரண்டாம் நாளுக்குக் காலையில் டாகாவ் வதைமுகாம், மதியம் ஓர் அரண்மனை, சாயங்காலம் கடைத்தெரு என்று போட்டிருந்தான். "அக்கா, முகாமுக்கு ரெண்டு மணி நேரம் போதும்ல?" என்று கேட்டான்.

போதாது என்றேன். அன்று அவனுக்குச் சொன்னதையும், அவசரத்தில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இன்று உங்களிடம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஐரோப்பா சுற்ற வருகிற நம் ஆட்களில் பலர் இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். மியூனிக்குக் குடிவந்த முதல் வருடம், டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், மதியம் மூன்று மணி வாக்கில் அங்கே போய்ச் சேர்ந்தேன். காலில் மெல்லிய ஷூ. ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள், அந்த மாதத்தில் நாலரைக்கே இருட்டிவிடும். வாசல் கதவைப் பார்த்தேன், நேரே பிணங்களை எரித்த கட்டடத்துக்குப் போனேன், திரும்பிவிட்டேன். அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களைப் பற்றி எதுவுமே தெரிந்துகொள்ளாமல், அவர்களை எரித்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. அடுத்த ஏப்ரலில் மறுபடி போனேன். காலை ஒன்பது மணிக்குத் திறந்ததும் உள்ளே நுழைந்து, மூடுகிற வரை இருந்தேன். அதற்கப்புறம் உறவினர்களோடும் நண்பர்களோடும் பலமுறை போயிருக்கிறேன்.

டாகாவ் மியூனிக்குக்கு வடமேற்கே இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிற ஒரு பழைய ஊர். ஆங்கில எழுத்தைப் பார்த்து நாம் டச்சாவ் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஊர்க்காரர்கள் தொண்டையிலிருந்து வரும் ஒலியோடு டாகாவ் என்கிறார்கள். ரயிலில் அறிவிப்பைக் கவனிக்க இது தெரிந்திருந்தால் நல்லது.

ஹிட்லர் பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1933 மார்ச் 22 அன்று, அந்த ஊரில் மூடிக் கிடந்த ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலையில் முகாம் திறக்கப்பட்டது. யாருக்கும் தெரியாமல் திறந்ததல்ல. அப்போது மியூனிக் காவல்துறைத் தலைவராக இருந்த ஹிம்லர் பத்திரிகைகளுக்கே அறிவித்துத் திறந்தார். முதலில் அடைக்கப்பட்டவர்கள் கம்யூனிஸ்டுகள், சமூக ஜனநாயகக் கட்சியினர், தொழிற்சங்கத்துக்காரர்கள். பிறகு யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், தன்பால் ஈர்ப்பாளர்கள், ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட சிந்தி, ரோமா மக்கள், யூதர்கள், பாதிரியார்கள். 1938 நவம்பரில் யூதர்களின் கடைகளும் தொழுகைக் கூடங்களும் நாடு முழுவதும் தாக்கப்பட்டபோது, அதை ஒட்டி மட்டும் ஏறக்குறைய 11,000 யூத ஆண்களை இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். 1945 ஏப்ரல் 29 அன்று அமெரிக்கப் படை வந்து விடுவிக்கும் வரை, இந்த முகாமிலும் அதன் கிளை முகாம்களிலும் 40க்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 2 லட்சத்துக்கும் அதிகமான மனிதர்கள் அடைக்கப்பட்டார்கள். சுமார் 41,500 பேர் உயிரோடு திரும்பவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். எல்லா முகாம்களையும் நாம் ஒரே பெயரில் வதைமுகாம் என்கிறோம். ட்ரெப்லிங்கா, சோபிபோர், பெல்செக் ஆகியவை வந்து இறங்கியவர்களை உடனே கொல்வதற்கென்றே கட்டப்பட்ட அழிப்பு முகாம்கள். அவுஷ்விட்ஸ் அடைத்து வேலை வாங்கும் முகாமாகவும் அழிப்பு முகாமாகவும் இருந்தது, அங்கே மட்டும் சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பான்மையினர் யூதர்கள். டாகாவில் ஒரு நச்சுவாயு அறை கட்டப்பட்டது, ஆனால் கூட்டம் கூட்டமாகக் கொல்ல அது பயன்படவில்லை. இங்கே மனிதர்கள் பட்டினியிலும் வேலையிலும் அடியிலும் நோயிலும் மருத்துவச் சோதனைகளிலும் துப்பாக்கிச் சூட்டிலும் செத்தார்கள். கடைசிக் குளிர்காலத்தில் டைபஸ் காய்ச்சல் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. பிற முகாம்களுக்கு முன்மாதிரி டாகாவ்தான். காவலர்கள் இங்கே பயிற்சி பெற்று மற்ற முகாம்களுக்குப் போனார்கள். இந்த வேறுபாடு தெரியாமல் வருகிறவர்கள், "இங்கே அவ்வளவு ஒன்றும் இல்லையே" என்று சொல்லிக்கொண்டு திரும்புவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது தாங்காது.

சரி, போவது எப்படி? மியூனிக் தலைமை ரயில் நிலையத்தில் எஸ் 2 ரயில். பீட்டர்ஸ்ஹவுசன் பக்கம் போகிற வண்டியில் ஏறினால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் டாகாவ். நகருக்குள் மட்டும் செல்லுபடியாகும் டிக்கெட் போதாது, 1ஆம் மண்டலமும் சேர்ந்ததாக எடுக்க வேண்டும். நிலையத்து வாசலில் 726ஆம் எண் பேருந்து, பத்து நிமிடத்துக்குள் நினைவிடத்தில் இறக்கிவிடும். நடக்கத் தெம்பிருந்தால் பேருந்தை விட்டுவிடுங்கள் என்பேன். நிலையத்திலிருந்து முகாம் வரை 'நினைவின் பாதை' என்று ஒரு நடைபாதை அமைத்திருக்கிறார்கள், மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். வழியில் விளக்கப் பலகைகள் உண்டு. நடந்துபோகும்போதுதான் ஒன்று உறைக்கிறது: கைதிகள் இறக்கப்பட்ட ரயில் நிலையம், அவர்கள் போன தெரு, இருபுறமும் வீடுகள். ஒரு ஊர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

நுழைவுக் கட்டணம் கிடையாது. டிசம்பர் 24 தவிர எல்லா நாளும் திறந்திருக்கும். வழிகாட்டியோடு சுற்றுவதற்கும் ஒலி வழிகாட்டிக் கருவிக்கும் பணம் கட்ட வேண்டும். முதல் முறை போகிறவர்கள் வழிகாட்டியோடு போங்கள். இரண்டரை மணி நேரம் நடக்கும், சொல்லித் தருகிறவர்கள் நிதானமாகச் சொல்கிறார்கள், கேள்விகளுக்கும் நின்று பதில் சொல்கிறார்கள். அது முடிந்தபின் தனியாக இன்னொரு முறை சுற்ற இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். தரை முழுக்கச் சரளைக்கல், திறந்த வெளி. குளிர்காலத்தில் காற்று எலும்பைத் தொடும், கோடையில் நிழல் குறைவு. கெட்டியான காலணியும் தண்ணீரும் அவசியம். சாப்பாட்டை வாசலருகே இருக்கிற பார்வையாளர் மையத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அது உள்ளே போய்க் கட்டுச்சோறு பிரிக்கிற இடமில்லை. போலந்தில் அவுஷ்விட்ஸ் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே நுழைவுச் சீட்டைப் பெயர் கொடுத்து இணையத்தில் முன்கூட்டியே வாங்க வேண்டும், கோடையில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

உள்ளே நுழையும் இரும்புக் கதவில் 'உழைப்பு விடுதலை தரும்' என்ற ஜெர்மன் வாசகம் இருக்கிறது. இப்போது வாசலில் இருப்பது நகல். அசல் கதவை 2014இல் யாரோ திருடிப்போய், 2016இல் நார்வேயில் கண்டெடுத்தார்கள். அது அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. எல்லோரும் இந்தக் கதவைப் படம் எடுக்கிறார்கள். என்னை அதைவிட உலுக்கியது கண்காட்சியில் இருக்கிற ஒரு பழைய படம். கைதிகள் காலையும் மாலையும் எண்ணிக்கைக்கு நின்ற மைதானத்துக்கு எதிரே இருக்கிற பெரிய கட்டடத்தின் கூரையில், பெரிய பெரிய எழுத்தில், விடுதலைக்கு ஒரு பாதை உண்டு, அதன் மைல்கற்கள் இவை என்று எழுதி வைத்திருந்தார்கள். கீழ்ப்படிதல், உழைப்பு, நேர்மை, ஒழுங்கு, தூய்மை, தாய்நாட்டுப் பற்று என்று போகிறது வரிசை. நான் படித்த பள்ளிக்கூடத்துச் சுவரிலும் ஏறக்குறைய இதே சொற்கள் இருந்தன. பசியில் நிற்கவே முடியாத மனிதர்களின் கண்ணெதிரே இந்தச் சொற்களை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

கைதிகள் தங்கிய கொட்டகைகள் 34 இருந்தன. எதுவும் மிஞ்சவில்லை. இரண்டைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள், மற்றவற்றின் அடித்தளத்தை மட்டும் கல் பரப்பிக் காட்டியிருக்கிறார்கள். கட்டிய கொட்டகைக்குள் அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். மூன்று காலத்துப் படுக்கைகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். முதல் அறையில் ஒவ்வொருவருக்கும் தனிப் பலகை. கடைசி அறையில் நடுவில் தடுப்பே இல்லை, ஒரே தட்டு, ஒருவர் மேல் ஒருவர் நெருக்கிப் படுக்க வேண்டியதுதான். சுமார் 6,000 பேருக்கென்று கட்டிய முகாமில், விடுவிக்கப்பட்ட நாளில் 30,000க்கு மேல் இருந்தார்கள். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் அடி. தரையில் ஒரு கறை இருந்தால் தண்டனை. சுத்தம் என்ற சொல்லையே சாட்டையாக்கி வைத்திருந்தார்கள்.

போவதற்கு முன்னால் ஒரே ஒருவருடைய வாழ்க்கையையாவது படித்துவிட்டுப் போங்கள். என் தம்பியிடம் நான் மிகவும் வற்புறுத்தியது இதைத்தான். 41,500 என்ற எண்ணை வைத்துக்கொண்டு அந்த மைதானத்தில் நிற்க முடியாது, ஒரு பெயரை வைத்துக்கொண்டு நிற்கலாம். கியோர்க் எல்ஸரைப் பற்றிப் படிக்கலாம். தச்சர், தனியாளாக வெடிகுண்டு செய்து 1939 நவம்பர் 8 அன்று மியூனிக் மதுக்கூடம் ஒன்றில் ஹிட்லரைக் கொல்லப் பார்த்தவர். ஹிட்லர் 13 நிமிடம் முன்னதாகக் கிளம்பிவிட்டதால் தப்பினார். எல்ஸரை 1945 ஏப்ரல் 9 அன்று, விடுதலைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, டாகாவில் சுட்டுக் கொன்றார்கள்.

நான் எடுத்துச் சென்ற பெயர் நூர் இனாயத் கான். அப்பா பரோடாவில் பிறந்த இசைக் கலைஞர், சூஃபி ஞானி. திப்பு சுல்தானின் வழிவந்த குடும்பம். அம்மா அமெரிக்கர். நூர் பிறந்தது மாஸ்கோவில், வளர்ந்தது பாரிஸ் அருகே. வீணை வாசிப்பார், குழந்தைகளுக்குக் கதை எழுதுவார். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளைச் சிறுவர்களுக்காக எழுதி 1939இல் நூலாக வெளியிட்டார். போர் வந்ததும் பிரிட்டிஷ் விமானப்படையின் பெண்கள் துணைப் பிரிவில் சேர்ந்து கம்பியில்லாத் தந்தி பழகினார், பிறகு பிரிட்டனின் ரகசியப் படைப் பிரிவுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார். 1943 ஜூனில், ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். அந்தப் பிரிவு அங்கே அனுப்பிய முதல் பெண் தந்தி இயக்குநர் அவர்தான். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிடிபட்டபோதும் பாரிஸை விட்டு வர மறுத்து, செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். அக்டோபரில் பிடிபட்டார். தப்பிக்க இரண்டு முறை முயன்றார். மாதக்கணக்கில் சங்கிலியில் கட்டி வைத்தார்கள். 1944 செப்டம்பர் 13 அன்று காலை, வேறு மூன்று பெண்களோடு டாகாவில் சுட்டுக் கொன்றார்கள். வயது முப்பது. நான்கு பேருடைய பெயர்களும் எரியூட்டும் கட்டடத்துச் சுவரில் ஒரு பலகையில் இருக்கின்றன. முதல் முறை டிசம்பரில் போனபோது அந்தப் பலகையைக் கடந்துதான் போயிருக்கிறேன், கண்ணில் படவே இல்லை.

அந்தக் கட்டடத்துக்குப் போகிற வழியில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. பெயர் தெரியாத ஒரு கைதி, 1950இல் வைத்தது. மெலிந்த மனிதர், தொளதொளத்த மேலங்கி, கைகள் இரண்டும் அங்கிப் பைக்குள். காவலர் முன்னால் கைதி அப்படி நிற்கவே முடியாது. நின்றிருந்தால் அடித்தே கொன்றிருப்பார்கள்.

இன்னும் இரண்டு விஷயம், நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும். கழுத்தில் ஸ்வஸ்திக் டாலர் போட்டிருந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நமக்கு அது மங்கலச் சின்னம், எனக்குத் தெரியும். ஹிட்லரின் கட்சி எடுத்துக்கொண்ட சின்னமும் அந்த வடிவம்தான். ஆனால் அந்த வாசலில், தன் பாட்டனை இழந்த ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டு அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. இன்னொன்று, "எங்கப்பா ஒரு ஹிட்லர்", "எங்க கணக்கு வாத்தியார் ஹிட்லர் மாதிரி" என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்கிறோமே, அதை விட்டுவிடலாம். ஒருமுறை மைதானத்தில் என்னோடு வந்த ஒரு பையன் தன் மேலாளரைப் பற்றி அப்படித் தொடங்கினான். சொல்லி முடிப்பதற்குள் அவனே நிறுத்திக்கொண்டான்.

என் தம்பியின் மகளுக்குப் பதினொரு வயது என்றேன் அல்லவா. வழிகாட்டிச் சுற்றுகள் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான். அது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். அதனால் அன்று குழந்தை என்னோடு இருப்பாள். நூரைப் பற்றி அவளுக்குச் சொல்லலாம் என்றிருக்கிறேன், வீணையையும் ஜாதகக் கதைகளையும் மட்டும். மீதியை அவள் வளர்ந்தபின் அப்பாவோடு போய்த் தெரிந்துகொள்ளட்டும். அரண்மனையை மூன்றாம் நாளுக்கு மாற்றிவிட்டான். டாகாவ் போகிற நாளின் மாலைக்கு எதுவும் வைக்கவில்லை. திரும்பி வருகிறவர்களுக்கு ரசம் வைத்திருப்பேன். பேசத் தோன்றினால் பேசட்டும், இல்லையென்றால் சும்மா உட்கார்ந்திருக்கட்டும்.

வணக்கம்.